கூடைப்பந்து கேமில் பந்து கைக்கு அடங்காதபோது: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் நான் நடத்தும் சிறிய கேம் அறையில் இரண்டு பிளேஸ்டேஷன்களும் ஒரு கணினியும் இருக்கின்றன. மாலையில் கூடைப்பந்து கேம் கேட்டு வருபவர்கள் இரண்டு வகையினர். பள்ளி, கல்லூரிகளின் சிமெண்டுத் தளத்தில் உண்மையாகவே பந்து தட்டிவிட்டு, ஷூவில் செம்மண் ஒட்டியபடி வருபவர்கள் ஒரு வகை. பந்தைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர், "அண்ணா, நெசத்துல இப்படி வரவே வராது" என்கிறார்கள். இரண்டாம் வகையினர், "அண்ணா, ஸ்டிக்கைத் தள்ளினா கேக்கவே மாட்டேங்குது" என்கிறார்கள். இரண்டும் எதிரெதிர்ப் புகார்கள் போலத் தோன்றினாலும், உட்கார்ந்து பார்த்தால் பல நாள்களில் காரணம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. திரையில் ஓடும் வீரர் பந்தைத் தட்டுவதில்லை. உடலில் அடையாளப் புள்ளிகளைப் பொருத்திக்கொண்டு ஒருவர் உண்மையில் பந்து தட்டியதைப் பதிவு செய்து, அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலரில் விரலால் நகர்த்தும் சிறு தண்டான ஸ்டிக்கை நீங்கள் தள்ளும்போது கேம் அவற்றில் பொருத்தமான ஒரு துண்டை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் துண்டின் வாலில் ஒட்டுகிறது. பந்து இயல்பாகக் கைக்கு வந்துசேரும் கணத்தில் மட்டும்தான் ஒட்டுவேன் என்று கேம் காத்திருந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் விரலுக்கு மந்தமாகத் தெரியும். எந்தக் கணத்திலும் ஒட்டுவேன் என்றால் விரலுக்கு உடனே பதில் கிடைக்கும், ஆனால் பந்து காந்தம் இழுத்ததுபோல் காற்றிலிருந்து கைக்குத் தாவும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதே கூடைப்பந்து கேம் செய்பவர்களின் பழைய தலைவலி.

ஆகவே பழுது பார்க்கும் வரிசை முக்கியம். திரையையும் கன்ட்ரோலரையும் முதலில் பார்க்க வேண்டும், அடுத்து அமைப்புகளை, மூன்றாவதாக, தேர்ந்தெடுத்த வீரரின் திறன் எண்களை, இவை எதிலும் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகே, இது கேம் செய்தவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு என்று கொள்ள வேண்டும். பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே, ஆட்டத்தின் தன்மைகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களில் கைவைத்துவிடுகிறார்கள். பிறகு எது பழுது, எது தாங்கள் மாற்றியது என்று பிரித்தறிய முடியாமல் திணறுகிறார்கள்.

அறிகுறி: ஸ்டிக்கைத் தள்ளிய பிறகு பந்து தாமதமாக நகர்கிறது

இதுவே அதிகம் வரும் புகார். இதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருப்பதால் பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதுவே.

முதல் சோதனையைக் களத்தில் செய்யாமல் மெனுவில் செய்யுங்கள். மெனுவில் மேலும் கீழும் நகர்த்தும்போதே தேர்வுக் கட்டம் உங்கள் விரலுக்குப் பின்னால் வருவதுபோல் தோன்றினால், கேம் குற்றவாளி அல்ல, தொலைக்காட்சிதான். இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்துவதற்காக ஒவ்வொரு படச்சட்டத்தையும் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சினிமா பார்ப்பவருக்கு அது தெரியாது. விநாடிக்கு 60 படச்சட்டங்கள் ஓடும் கேமில் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிதான். தொலைக்காட்சி 100 மில்லி விநாடி தாமதித்தாலே ஆறு சட்டங்கள் கழிந்துவிடும். தொலைக்காட்சியின் அமைப்பில் ‘கேம் மோட்’ என்ற தேர்வை இயக்கினால் இந்தத் தாமதத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. என் அறையிலேயே ஒரு தொலைக்காட்சியில் இதைச் செய்யாமல் இரண்டு மாதம் ஓட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "கேம் அப்படித்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே கேமைப் பக்கத்துத் திரையில் ஆடிய ஒரு பையன்தான் வேறுபாட்டைக் கண்டுபிடித்தான். கன்ட்ரோலரைப் புளூடூத்தில் இணைத்திருந்தால் ஒருமுறை கேபிள் போட்டு ஆடிப் பாருங்கள். தாமதம் குறைந்தால் அங்கேயும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

மெனு உடனுக்குடன் கேட்கிறது, களத்தில் மட்டும் தாமதம் என்றால், இணைய ஆட்டமா தனி ஆட்டமா என்று பாருங்கள். தனி ஆட்டத்தில் சரியாகவும் இணையத்தில் மந்தமாகவும் இருந்தால், உங்கள் உள்ளீடு தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. வைஃபையை விட்டு லேன் கேபிள் இழுத்தால் ஏற்ற இறக்கம் குறையும், தொலைவு குறையாது.

தனி ஆட்டத்திலும் தாமதம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இல்லை, சில நேரம் உடனே வருகிறது, சில நேரம் அரை விநாடி ஆகிறது என்றால், நாம் முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வெறுமனே கைவிடப்படும் பந்து தரையைத் தொட ஏறக்குறைய 0.45 விநாடி ஆகும். கையால் அடித்துத் தட்டும்போது அது குறையும் என்றாலும், கீழே போய் மீண்டும் கைக்கு வரும் முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ அரை விநாடி வேண்டியிருக்கிறது. பந்து கையைவிட்டுப் புறப்பட்ட மறுகணம், அதை மறுகைக்கு மாற்றித் தட்டும் கிராஸ்ஓவரை நீங்கள் கேட்டால், களத்தில் ஆடும் உண்மையான வீரரும் பந்து திரும்பி வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். கேமும் காத்திருக்கிறது; அது தாமதமல்ல, பந்தின் எடை. பயிற்சிக் களத்தில் தனியாக நின்று, பந்து கையில் ஒட்டும் கணத்தில் ஒரு பத்து முறையும், தரையில் இருக்கும் கணத்தில் ஒரு பத்து முறையும் ஸ்டிக்கைத் தள்ளிப் பார்த்தால் வேறுபாடு உங்கள் கட்டைவிரலுக்கே புரியும். அதன்பின் நீங்கள் பந்தின் தாளத்துக்கு ஏற்பத் தள்ளத் தொடங்கிவிடுவீர்கள். சிமெண்டுத் தளத்தில் ஆடிவிட்டு வரும் பையன்கள் இந்தப் புகாரோடு வருவது குறைவு என்பதை நான் கவனித்திருக்கிறேன். பந்து எப்போது கையில் இருக்கும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது.

அறிகுறி: பந்து தட்டச் சொன்னால் கூடையை நோக்கி எறிந்துவிடுகிறது

பெரும்பாலும் இது கன்ட்ரோலர் பழுதல்ல. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பெயரில் வரும் என்பிஏ 2கே கேம் வரிசையில் 2கே13 வந்தபோது வலது ஸ்டிக் பந்து தட்டும் அசைவுகளுக்கு உரியதாக மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு 2கே14-இல் ‘புரோ ஸ்டிக்’ என்ற பெயரில் தட்டுவதும் எறிவதும் ஒரே ஸ்டிக்கில் சேர்ந்தன: சட்டென்று சுண்டி விட்டால் டிரிபிள் எனும் பந்து தட்டும் அசைவு, தள்ளிப் பிடித்துக்கொண்டால் எறிதல். பழைய ஆட்டங்களில் ஸ்டிக்கை ஓர் ஓரத்தில் அழுத்தியே வைத்திருந்து பழகியவர்கள் இங்கே வந்து, மூன்று பேர் சூழ்ந்த நிலையில் பாதிக் களத்திலிருந்து எறிந்துவிட்டு, கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பரிகாரம் இரண்டு. எறிவதைப் பட்டனுக்கு மட்டும் ஒதுக்கும் தேர்வு கன்ட்ரோலர் அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள்; பதிப்புக்குப் பதிப்பு அதன் பெயர் மாறும். புதிதாக ஆடுபவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். இரண்டாவது, விரலைப் பழக்குவது: ஸ்டிக்கைத் தள்ளுவதைவிட அதை விடுவதில் கவனம் வையுங்கள். தீக்குச்சியை உரசுவதுபோல் தொட்டுவிட்டு மீள வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சியில் வந்துவிடும்.

அறிகுறி: கேட்ட அசைவு வேறு, வரும் அசைவு வேறு

இணையத்தில் ஒரு விளக்கப் படத்தைப் பார்த்து, "இடப்பக்கம் தள்ளினால் கிராஸ்ஓவர்" என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களுக்கு இது நேர்கிறது. அத்தகைய விளக்கங்கள் பெரும்பாலும் வீரர் திரையில் மேல்நோக்கி நிற்பதாகவும், பந்து அவருடைய வலக்கையில் இருப்பதாகவும் வைத்தே சொல்லப்படுகின்றன. திசை என்பது வலம், இடம் அல்ல. பந்து உள்ள கை, பந்து இல்லாத கை என்பதே. பந்து இல்லாத கையின் பக்கம் சுண்டினால் கிராஸ்ஓவர். பந்து உள்ள கையின் பக்கம் சுண்டினால் தயங்குவதுபோல் ஏமாற்றும் ஹெசிடேஷன் வகை அசைவு. ஒரு கிராஸ்ஓவர் முடிந்தவுடன் பந்து கை மாறிவிட்டது என்பதை மறந்து அதே பக்கம் மீண்டும் தள்ளினால் வேறொன்றுதான் வரும்.

காமிராக் கோணமும் இதில் சேரும். 2கே என்ற பெயரில் உள்ள கோணத்தில் ஆட்டம் திரையில் கீழிருந்து மேலாக ஓடுகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பு போன்ற பிராட்காஸ்ட் கோணத்தில் இடவலமாக ஓடுகிறது. ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போனால் மனதில் உள்ள வரைபடம் முழுவதும் கால் வட்டம் திரும்பிக்கொள்கிறது. நண்பர்கள் இருவர் ஒரே திரையில் ஆடும்போது ஒருவருக்குப் பிடித்த கோணத்தை மற்றவர் மாற்றிவிடுவதால் எங்கள் அறையில் நடந்த வாக்குவாதங்களுக்கு அளவில்லை. பந்து தட்டும் அசைவுகளைப் பழகும்வரையாவது ஒரே கோணத்தில் இருப்பது நல்லது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வீரர் தானாகவே ஏதோ செய்கிறார் என்றால், கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். யாரும் தொடாமலே அவர் நகர்ந்தாலோ, பந்தை இங்கும் அங்கும் ஆட்டினாலோ, ஸ்டிக்கின் அடியில் உள்ள, உரசித் தேயும் உணரி தன் நடுப்புள்ளியை இழந்துவிட்டது. ஸ்டிக் டிரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். ஸ்டிக்கின் சிறு நகர்வுகளைக் கேம் பொருட்படுத்தாத டெட்சோன் என்ற எல்லையைச் சற்று அகலப்படுத்தினால் சில மாதங்கள் ஓட்டலாம். அதற்கு, மெல்லிய சுண்டல்களைக் கேம் உணராமல் போவது என்ற விலையைக் கொடுக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால், காந்தத்தால் நிலையை அறியும் ஹால் எஃபெக்ட் வகை ஸ்டிக் உள்ளதைப் பாருங்கள். அதில் உரசித் தேயும் உணரி இல்லை.

கணினியில் மட்டும் வரும் இன்னொன்று: ஒரு தடவை தள்ளினால் இரண்டு அசைவு வருகிறது. கணினியில் கேம்களை வாங்கி இயக்க உதவும் ஸ்டீம் தன் பங்குக்கு ஒருமுறையும், கன்ட்ரோலருக்காக நீங்கள் தனியாக நிறுவிய மென்பொருள் ஒருமுறையும் அதே உள்ளீட்டைக் கேமுக்கு அனுப்புகின்றன. இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள்.

அறிகுறி: வீரர் பனிக்கட்டிமேல் வழுக்குவதுபோல் போகிறார், அல்லது சேற்றில் நடப்பதுபோல் திரும்புகிறார்

எதிரெதிரான இந்த இரண்டு உணர்வுகளையும் ஒரே தலைப்பில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பதிவு செய்யப்பட்ட நடையின் வேகம் ஒன்று. நீங்கள் ஸ்டிக்கால் கேட்கும் வேகம் இன்னொன்று. உங்கள் சொல்லைக் கேட்டு கேம் உடலை வேகமாக நகர்த்தினால், கால் தரையில் ஊன்றாமல் வழுக்குகிறது. காலுக்கு மரியாதை கொடுத்து உடலை நிறுத்தினால், சேற்றில் கால் புதைந்த உணர்வு வருகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் இப்படித்தான் விளக்குவேன். இறக்கத்தில் வேகம் எடுத்த லாரியை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. ஓட்டுநர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கேமில் ஆர்2 பட்டன்தான் வேகம். அதை அழுத்தியபடியே திரும்பச் சொன்னால், எடையுள்ள உடல் இரண்டு அடி கூடப் போய்த்தான் திரும்பும். அதற்குள் பந்து தடுப்பாட்டக்காரரின் மடியில் இருக்கும். சேற்றில் நடப்பதாகப் புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஆர்2-வை விடாதவர்கள். கை எடுத்துவிட்டு, நின்ற இடத்தில் அசைவைத் தொடங்கி, இடைவெளி கிடைத்த பிறகு அழுத்தச் சொல்லுங்கள். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மந்தம் இருந்தால் வீரரின் எண்களைப் பாருங்கள். என்பிஏ 2கே-யில் பந்தைக் கையாளும் திறன் தனி எண். பந்தோடு ஓடும் வேகம் தனி எண். ஏழடி உயர மையவீரரை வைத்துக்கொண்டு, பந்தைக் கையாள்வதில் பேர்பெற்ற என்பிஏ வீரர் ஸ்டீஃபன் கரி போல் நெளியவில்லை என்பது பழுதல்ல. சொந்தமாக வீரரை உருவாக்கும் ஆட்டத்தில், உயரமும் பந்தைக் கையாளும் எண்ணும் ஒரு வரம்பில் இருந்தால்தான் சில டிரிபிள் பாணிகளைத் தேர்ந்தெடுக்கவே முடியும். உயரத்தின் ஆசையில் வீரரைச் செய்துவிட்டு, கரியின் பாணி ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, வீரரைப் புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பதிவுத் துண்டுகளையே தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு வரும். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். என்பிஏ லைவ் என்ற இன்னொரு கேம் வரிசையின் இடத்தில் 2010-இல் வர வேண்டிய என்பிஏ எலீட் 11, ஸ்டிக் நகர்ந்தால் கையும் உடனே நகரும்படி கட்டுப்பாட்டை நேரடியாக ஆடுபவரிடம் கொடுக்க முயன்றது. முன்னோட்டப் பதிப்பில் ஒரு வீரர் நடுக்களத்தில் கைகளை விரித்தபடி அசையாமல் நின்ற காட்சி இணையமெங்கும் பரவியது. வெளியாவதற்குச் சில நாள்களே இருந்தபோது ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2013-இல் வந்த என்பிஏ லைவ் 14, ‘பவுன்ஸ்டெக்’ என்ற பெயரில் பந்தைக் கையிலிருந்து பிரித்து இயற்பியல் விதிகளுக்கு உட்படுத்தியது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பந்து மட்டும் விதிகளின்படி துள்ள, அதைத் தட்டும் உடல் அதற்கு ஈடுகொடுக்காதபோது, பழைய பொய்யைவிடப் புதிய உண்மை விகாரமாகத் தெரிந்தது. விமர்சகர்களின் வரவேற்பும் அப்படியே இருந்தது. 2023-இல் வந்த 2கே24 எதிர்த்திசையில் போய், ‘புரோபிளே’ என்ற முறையில் உண்மையான ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளிலிருந்தே அசைவுகளை எடுத்தது. துண்டுகள் இன்னும் உண்மையாயின; ஒட்டும் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அறிகுறி: எதிரில் ஆள் வந்தாலே பந்து பறிபோகிறது

முதலில் கடினநிலையைப் பாருங்கள். மிக எளிதான ரூக்கியில் ஆடிப் பழகியவர் மிகக் கடினமான ஹால் ஆஃப் ஃபேம் நிலைக்குத் தாவினால், கணினியின் தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொரு தட்டலிலும் கைநீட்டுவார்கள். அடுத்து, பந்து எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தடுப்பவருக்குப் பக்கத்துக் கையில் பந்தை வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போவது, சந்தைக் கூட்டத்தில் வெளிப்பக்கப் பையில் பணம் வைத்திருப்பதற்குச் சமம். களத்தில் பயிற்சியாளர் முதல் நாள் சொல்லித் தருவதுதான்: பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் உன் உடம்பு இருக்கட்டும். கேமில் எல்2-வை அழுத்தி முதுகைக் காட்டித் திரும்பினால் அதே பாதுகாப்பு கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கேம் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் கருத்து. புகார் சொல்பவர்கள்தான் உண்மையிலிருந்து தள்ளி நிற்கிறார்கள்.

எதிராளியின் மார்பிலேயே போய் மோதியபடி கிராஸ்ஓவர் போடுவதும் இழப்புக்கு வழி. ஒரு கை நீளம் இடைவெளி இருக்கும்போது தொடங்க வேண்டும். இவ்வளவும் செய்தும் பறிபோகிறது என்றால், அப்போது ஸ்லைடருக்குப் போகலாம். பந்து பறிப்பதன் வெற்றியைக் குறிக்கும் ஸ்டீல் சக்சஸ் ஸ்லைடரை ஐந்து புள்ளி குறைத்து, முழு ஆட்டம் ஒன்று ஆடிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மீண்டும் ஐந்து குறையுங்கள். உடல் மோதலின் உணர்திறனைக் குறிக்கும் பாடி-அப் சென்சிட்டிவிட்டி இதற்கு அடுத்தது. அதைக் குறைத்தால் தடுப்பவரின் உடம்பில் பட்டு நிற்பது குறையும், ஆனால் உடம்புக்குள் நுழைந்து போவதுபோன்ற காட்சிகள் கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். பந்து எளிதில் பறிபோகாமல் காக்கும் அன்பிளக்கபிள் போன்ற பேட்ஜ் (சிறப்புத் திறன்) உள்ள வீரரிடம் பந்தைக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

அறிகுறி: ஒரே அசைவை ஓயாமல் செய்பவரைத் தடுக்க முடியவில்லை

இதை நண்பர்கள் "ஸ்பேம் பண்றான்ணா" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இது ஆடுபவரின் குணக்கேடு என்று தோன்றினாலும், விரலுக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று கேமை இளக்கியதன் மறுபக்கம்தான். எந்தக் கணத்திலும் துண்டை ஒட்டலாம் என்றால், ஒரு நல்ல துண்டைப் பத்து முறை ஒட்டுவதையும் யாரும் தடுக்க முடியாது.

உண்மையான களத்தில் இதைத் தடுப்பது மூச்சு. 1997 மார்ச் 12 அன்று பிலடெல்பியாவில் நடந்த என்பிஏ ஆட்டத்தில் ஆலன் ஐவர்சன் மைக்கேல் ஜோர்டனைக் கடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: முதலில் ஒரு சிறிய கிராஸ்ஓவர், ஜோர்டன் சாய்கிறாரா என்று பார்ப்பதற்கு, அடுத்து ஒரு பெரிய கிராஸ்ஓவர், அதன்பின் எறிதல். இரண்டே அசைவு. திரையில் ஒருவர் பன்னிரண்டு அசைவு போட்டுக்கொண்டே போனால், நிஜம் மாதிரி இல்லை என்று தளத்திலிருந்து வரும் பையன் சொல்வது முற்றிலும் நியாயம்.

2கே23 இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு முறை பந்து கைக்கு வரும்போதும் மூன்று ‘அட்ரினலின் பூஸ்ட்’ மட்டும் கொடுத்து, வேகப் பாய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கழித்தது. மூன்றும் தீர்ந்தால் வீரரின் கால் கனத்துவிடும். செயற்கையான கணக்குத்தான், நிஜ உடம்பு மூன்று என்று எண்ணாது. ஆனாலும் அதன் விளைவு பழைய பதிப்புகளைவிட நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஆடத்தக்க பொய் ஒன்றைச் சேர்த்து உண்மைக்கு அருகில் போன அரிய இடம் இது.

பழைய பதிப்பில் ஆடுபவர்கள் களைப்பு அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; நண்பர்கள் ஆடும்போது யாராவது அணைத்து வைத்திருப்பார்கள். தடுப்பவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு அசைவுக்கும் எதிர் அசைவு காட்டாமல், எல்2-வைப் பிடித்து ஒரு கை தூரம் பின்னால் நின்று, கூடைக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது. பந்து வைத்திருக்கும் அணி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் அவருக்குத் துணை. இவை எதுவும் பலிக்காவிட்டால் வீட்டு விதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் ஒரு முறை பந்து வந்தால் தொடர்ச்சியாக நான்கு அசைவுக்கு மேல் கூடாது. மீறினால் பந்து எதிரணிக்கு.

இன்னும் சில, சுருக்கமாக

பந்து தொடைக்குள்ளும் தடுப்பவரின் கைக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது. இரண்டு பதிவுத் துண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் ஓடுவதன் விளைவு அது. உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நண்பர் காட்டும் காணொளியில் உள்ள அசைவு உங்கள் கணினியில் இல்லை. கணினிப் பதிப்பு 2கே25 வரும்வரை பழைய தலைமுறைக் கன்சோல்களின் ஆட்டத்தையே ஒட்டியிருந்தது. அதே ஆண்டின் பிஎஸ்5 ஆட்டத்தில் இருந்த பலவும் அதில் இல்லை. காணொளி எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

கைப்பேசியில் அசைவே சரியாக வரவில்லை. கண்ணாடித் திரையில் ஸ்டிக்கின் நடுவும் விளிம்பும் விரலுக்குத் தெரியாது. புளூடூத் கன்ட்ரோலரை இணைத்துப் பார்ப்பதே தீர்வு. அந்த ஆட்டம் கன்ட்ரோலரை ஏற்கிறதா என்பதை வாங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பந்தைத் தட்டாமல் கூடுதல் காலடி வைக்கும் தவறான டிராவலை நடுவர் ஏன் கொடுக்கவில்லை? தளத்து ஆட்டக்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி. பந்தைச் சேர்த்தெடுக்கும் கணத்தில் தரையில் இருக்கும் காலை எண்ணாமல், அதன்பின் இரண்டு காலடி என்பதை 2017-இல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவும் விதியாக்கியது. பழைய கணக்கில் கற்ற கண்ணுக்கு அது மூன்று காலடியாகத் தெரியும். மற்றபடி, பதிவுத் துண்டுகளில் கால் வைப்பு முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், கேமில் அந்தத் தவறு நேர வாய்ப்பே குறைவு.

அறிகுறி: திரையில் வருவது தளத்தில் வரவில்லை

இதைக் கேம் பழுது என்று சேர்க்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் வருகிறார்கள். தருமபுரியில் ஒரு போட்டிக்குப் போய்விட்டு வந்த பையன் ஒருவன், வாரக்கணக்காகத் திரையில் பழகிய முதுகுக்குப் பின்னால் பந்து மாற்றும் அசைவைப் போட்டு, பந்து குதிகாலில் பட்டு வெளியே ஓடிவிட்டது என்றான். "கேம்ல ஒரு தடவை கூட மிஸ் ஆகலண்ணா" என்று அவன் சொன்னதில் எல்லாமே அடங்கியிருந்தது. பதிவுத் துண்டில் பந்து தவறாது. தவறிய பதிவுகளை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். போதாதற்கு, அவன் ஆடியது மெருகேற்றிய மரத்தளம் அல்ல. மண் படிந்த சிமெண்டில், காற்று சற்றுக் கூடுதலாக அடைத்த ரப்பர் பந்து.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அந்த அசைவில் தோள் எந்தப் பக்கம் போகிறது, கண் எங்கே பார்க்கிறது என்பதைத் திரையில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக்கொள். அது வரைக்கும் கேம் சரியாகச் சொல்லித் தரும். கைக்கு உரியதைத் தளத்தில், முதலில் நின்ற இடத்தில் இடக்கையால் மட்டும் ஐம்பது முறை தட்டிவிட்டுத் தொடங்கு. மறுவாரம் அவன் வந்தபோது இடது கை மணிக்கட்டு வலிக்கிறது என்று கன்ட்ரோலரை வாங்காமல் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.